ஏ.வி.எல். மரத்தில் செருகலும் சமன்செய்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏ.வி.எல். மரம் என்பது, எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒரு பக்கமாக நீண்டுவிடாமல் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் தேடல் மரம். அதற்காகக் கிளைகளை மேலும் கீழும் மாற்றுவதைத்தான் சுழற்சி என்கிறோம். டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் சுழற்சிப் படங்களைப் பார்த்தவுடன் பலருக்கும் புரிந்துவிடுகிறது. நிரலாக எழுதும்போது தடுமாறுவது வேறு இடத்தில். சுழற்றி முடித்த கிளையைத் திரும்பவும் மரத்தில் மாட்ட மறக்கிறோம், உயரங்களைத் தவறான வரிசையில் திருத்துகிறோம். அதனால் இந்தப் பக்கத்தில் அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். பேச்சில் ‘நோடு’ என்பதை இங்கே ‘கணு’ என்று எழுதுகிறேன். ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண்ணும், இடது, வலது பிள்ளைகளைக் காட்டும் சுட்டிகளும் (பாயின்டர்) இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வேர், பிள்ளையே இல்லாதது இலை. நிரல் வரிகள் எந்த மொழியின் இலக்கணத்திலும் இல்லை. சி, ஜாவா, பைத்தான் எதற்கும் மாற்றிக்கொள்ளலாம்.

சாதாரண பைனரி சர்ச் ட்ரீ போதாதா? எதற்கு இவ்வளவு பாடு?

பைனரி சர்ச் ட்ரீயில் ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் அதைவிடச் சிறிய எண்கள், வலப்பக்கம் பெரிய எண்கள். எண்கள் தாறுமாறாக வந்தால் சாதாரண மரமே நன்றாக வேலை செய்யும். ஆனால் நிஜத் தரவு பெரும்பாலும் ஏறுவரிசையில்தான் வருகிறது. பில் எண், மாணவர் பதிவெண், தேதி எல்லாம் அப்படித்தான். 10, 20, 30, 40 என்று செருகிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் முந்தையதன் வலப்பக்கம் தொங்கும். மரம் என்று பெயர்தான், உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரு லிங்க்டு லிஸ்ட்.

பத்து லட்சம் எண்களை ஏறுவரிசையில் இப்படிச் செருகினால் மொத்தம் சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள் ஆகும். ஏ.வி.எல். மரத்தில் பத்து லட்சம் கணுக்கள் எந்த வரிசையில் வந்தாலும் உயரம் 28-ஐத் தாண்டாது. ஆகவே மொத்த ஒப்பீடுகள் 2.8 கோடிக்குள் முடிந்துவிடும். இவ்வளவு வித்தியாசத்தைச் சில டஜன் வரிகள் கூடுதலாக எழுதிப் பெறுகிறோம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

கண்டுபிடித்த இருவரின் பெயர்களிலிருந்து. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கணித அறிஞர்கள் கியோர்கி அடெல்சன்-வெல்ஸ்கியும் எவ்கேனி லாண்டிஸும் 1962-இல் சோவியத் அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இதை வெளியிட்டார்கள். தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் தேடல் மரங்களில் முதலில் வந்தது இதுதான். 1974-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்ற ‘கைஸா’ நிரலை உருவாக்கியவர்களில் அடெல்சன்-வெல்ஸ்கியும் ஒருவர்.

காப்பாற்ற வேண்டிய விதி என்ன?

எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடக்கிளை உயரமும் வலக்கிளை உயரமும் ஒன்றுக்கு மேல் வேறுபடக் கூடாது. விதி அவ்வளவுதான். இது வேருக்கு மட்டும் பொருந்தினால் போதாது, ஒவ்வொரு கணுவுக்கும் பொருந்த வேண்டும்.

‘ஒன்று’ வேறுபாட்டை ஏன் அனுமதிக்கிறோம்? சுழியமாகவே வைத்தால் என்ன?

இரண்டு கணு உள்ள மரத்தையே அப்படி வைக்க முடியாது. ஒன்று வேராகும், மற்றொன்று ஏதாவது ஒரு பக்கம் தொங்கித்தான் ஆக வேண்டும். 1, 3, 7, 15 என்ற எண்ணிக்கைகளில் மட்டுமே சுழிய வேறுபாடு சாத்தியம்.

ஒன்று வரை விட்டுக்கொடுப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஒரு குறிப்பிட்ட உயரத்தை எட்ட எத்தனை கணுக்கள் குறைந்தபட்சம் தேவை என்று எண்ணிப் பாருங்கள். உயரம் 1-க்கு 1 கணு, 2-க்கு 2, 3-க்கு 4, 4-க்கு 7, 5-க்கு 12, 6-க்கு 20. முந்தைய இரண்டையும் கூட்டி ஒன்று சேர்த்தால் அடுத்தது கிடைக்கிறது. ஃபிபொனாச்சி வரிசையின் நெருங்கிய உறவு இது, அதனால் வேகமாக வளர்கிறது. 29 உயரம் வர வேண்டுமென்றால் குறைந்தது 13,46,268 கணுக்கள் வேண்டும். மேலே சொன்ன 28 என்ற எல்லை இங்கிருந்துதான் வருகிறது. முழுச் சமநிலையில் இருக்கும் மரத்தோடு ஒப்பிட்டால், மிக மோசமான நிலையிலும் உயரம் சுமார் 1.44 மடங்குதான்.

உயரத்தை எங்கிருந்து எண்ணுவது? ஒரு புத்தகத்தில் இலைக் கணு 0, இன்னொன்றில் 1.

இரண்டும் சரி. கலந்துவிட்டால்தான் தவறு. இந்தப் பக்கத்தில் வெற்றுக் கிளையின் உயரம் 0, தனிக் கணுவின் உயரம் 1. இலையை 0 என்று வைப்பவர்கள் வெற்றுக் கிளைக்கு −1 கொடுக்க வேண்டும். இதை மறந்து இரண்டுக்கும் 0 கொடுத்தால், ஒரு பக்கம் பிள்ளையே இல்லாத கணுவும் சமநிலையில் இருப்பதாகத் தெரியும். சுழற்ற வேண்டிய இடத்தில் நிரல் சும்மா இருந்துவிடும்.

சமநிலை எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. சிலர் இடதிலிருந்து வலதைக் கழிப்பார்கள், சிலர் மாற்றிக் கழிப்பார்கள். இங்கே ‘இடது கழித்தல் வலது’. ஆகவே +2 என்றால் இடப்பக்கம் கனம், −2 என்றால் வலப்பக்கம் கனம்.

உயரத்தைக் கணுவுக்குள்ளேயே சேமித்து வையுங்கள். தேவைப்படும்போதெல்லாம் கீழே இறங்கி எண்ணினால் ஒவ்வொரு செருகலுக்கும் மரம் முழுவதையும் சுற்றி வர வேண்டியிருக்கும். பிறகு ஏ.வி.எல். எழுதியே பயனில்லை.

சுழற்சியில் உண்மையில் என்ன நடக்கிறது?

யார் மேலே, யார் கீழே என்பது மட்டும் மாறுகிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் கிடைக்கும் வரிசை இம்மியும் மாறாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் நான்கு படங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வலச்சுழற்சி:

வலச்சுழற்சி(மேல்):
  புதியவேர் = மேல்.இடது
  நடுக்கிளை = புதியவேர்.வலது
  புதியவேர்.வலது = மேல்
  மேல்.இடது = நடுக்கிளை
  உயரம்_திருத்து(மேல்)
  உயரம்_திருத்து(புதியவேர்)
  திருப்பு புதியவேர்

இடச்சுழற்சிக்கு ‘இடது’, ‘வலது’ இரண்டையும் இடம் மாற்றினால் போதும். ‘உயரம்_திருத்து’ என்பது இரு பிள்ளைகளின் உயரங்களில் பெரியதோடு 1 கூட்டிக் கணுவில் எழுதுவது.

நடுக்கிளையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் உள்ள எண்கள் எல்லாம் புதியவேரைவிடப் பெரியவை, மேல் கணுவைவிடச் சிறியவை. அவை இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, மேல் கணுவின் இடப்பக்கம். அதனால்தான் அந்தக் கிளை கைமாறுகிறது.

சுழற்றிய பிறகு தேடல் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன்?

நடுக்கிளையைத் தனியாக எடுத்து வைக்காமல் விட்டிருப்பீர்கள். ‘புதியவேர்.வலது = மேல்’ என்று முதலில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘மேல்.இடது = புதியவேர்.வலது’ என்றால், அந்த நேரத்தில் புதியவேர்.வலது என்பதே மேல்தான். கணு தனக்குத் தானே பிள்ளையாகிவிடுகிறது. தேடல் அங்கே போனால் திரும்பாது. அந்த வரியையே எழுத மறந்தாலும் விளைவு ஏறக்குறைய இதேதான், இரண்டு கணுக்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்கும்.

உயரத்தைத் திருத்தும் வரிசை முக்கியமா?

மிக முக்கியம். சுழற்சிக்குப் பிறகு பழைய மேல் கணு, புதியவேரின் பிள்ளை. பிள்ளையின் உயரம் சரியாக இருந்தால்தான் பெற்றோரின் உயரத்தைக் கணக்கிட முடியும். ஆகவே கீழே இறங்கியவருக்கு முதலில், மேலே ஏறியவருக்குப் பிறகு.

வரிசை மாறினால் நிரல் உடனே உடையாது. இந்தப் பிழையின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தேடல் சரியான விடையைத் தரும், அச்சிட்டால் வரிசையும் சரியாக வரும். சேமித்த உயரம் மட்டும் உண்மையான உயரத்தைவிட அதிகமாக நிற்கும், அதை நம்பி அடுத்தடுத்த சுழற்சிகள் தவறான இடத்தில் நடக்கும். இப்படி ஒரு பிழையைத் தேடி நான் இரண்டு நாள் செலவழித்திருக்கிறேன். மாற்ற வேண்டியிருந்தது இரண்டு வரிகளின் இடத்தை மட்டும்.

நான்கு நிலைகளை எப்படிப் பிரித்தறிவது?

சமநிலை கெட்ட கணுவையும் அதன் கனமான பிள்ளையையும் பாருங்கள். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஒற்றைச் சுழற்சி. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால், அதாவது வளைவு இருந்தால், இரட்டைச் சுழற்சி.

ஓர் உதாரணம். 50, 30, 70, 20, 40 ஆகியவற்றைச் செருகுங்கள். 50 வேர், அதன் இடப்பக்கம் 30, வலப்பக்கம் 70, 30-க்குக் கீழே 20-உம் 40-உம். இதுவரை சுழற்சி இல்லை. இப்போது 35-ஐச் செருகினால் அது 40-இன் இடப்பக்கம் போகும். மேலே ஏறிக்கொண்டே சரிபார்த்தால்:

40: இடது 1, வலது 0, சமநிலை +1, சரி.
30: இடது 1, வலது 2, சமநிலை −1, சரி.
50: இடது 3, வலது 1, சமநிலை +2, கெட்டுவிட்டது.

50 இடப்பக்கம் சாய்கிறது, 30 வலப்பக்கம் சாய்கிறது. வளைவு இருக்கிறது. இதைக் கவனிக்காமல் 50-ஐ மட்டும் வலப்பக்கம் சுழற்றினால் 30 வேராகும், அதன் இடப்பக்கம் 20 மட்டும், வலப்பக்கம் 50, 40, 35, 70 என்று நான்கு பேர். சமநிலை −2. நோய் இடமிருந்து வலத்துக்கு மாறியதே தவிரத் தீரவில்லை.

சரியான வழி, முதலில் 30-ஐ இடப்பக்கம் சுழற்றுவது. 40 மேலே வரும், 30 அதன் இடப்பிள்ளையாகும், 40-க்குக் கீழே இருந்த 35 இப்போது 30-இன் வலப்பக்கம் போகும். வளைவு நேராகிவிட்டது. பிறகு 50-ஐ வலப்பக்கம் சுழற்றினால் 40 வேராகும். இடப்பக்கம் 30, அதற்குக் கீழே 20-உம் 35-உம். வலப்பக்கம் 50, அதற்குக் கீழே 70. வரிசையாகப் படித்துப் பாருங்கள்: 20, 30, 35, 40, 50, 70. தாளும் பேனாவும் எடுத்து இந்த ஓர் உதாரணத்தைக் கையால் வரைந்து பார்க்கச் சொல்வேன். வேறு பத்து உதாரணங்களைப் படிப்பதைவிட இது உதவும்.

முழுச் செருகல் எப்படி இருக்கும்?

செருகு(கணு, எண்):
  கணு வெற்று எனில்: திருப்பு புதிய_கணு(எண்)
  எண் < கணு.எண் எனில்: கணு.இடது = செருகு(கணு.இடது, எண்)
  எண் > கணு.எண் எனில்: கணு.வலது = செருகு(கணு.வலது, எண்)
  இரண்டும் இல்லை எனில்: திருப்பு கணு
  உயரம்_திருத்து(கணு)
  திருப்பு சமன்செய்(கணு)

சமன்செய்(கணு):
  சமநிலை(கணு) > 1 எனில்:
    சமநிலை(கணு.இடது) < 0 எனில்: கணு.இடது = இடச்சுழற்சி(கணு.இடது)
    திருப்பு வலச்சுழற்சி(கணு)
  சமநிலை(கணு) < −1 எனில்:
    சமநிலை(கணு.வலது) > 0 எனில்: கணு.வலது = வலச்சுழற்சி(கணு.வலது)
    திருப்பு இடச்சுழற்சி(கணு)
  திருப்பு கணு

எந்த நிலை என்று கண்டுபிடிக்க, செருகிய எண்ணைப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடும் நிரல்களையும் பார்த்திருப்பீர்கள். செருகலுக்கு அது சரிதான். நீக்கலுக்கு உதவாது, ஏனென்றால் அங்கே ஒப்பிடுவதற்குப் புதிய எண் என்று ஒன்றில்லை. பிள்ளையின் சமநிலையைப் பார்த்து முடிவு செய்தால் ஒரே ‘சமன்செய்’ இரண்டுக்கும் பயன்படும்.

சில எண்களைச் செருகியதும் பாதி மரம் காணாமல் போகிறது.

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் வருவது. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ‘செருகு’ திருப்பித் தரும் கணுவை யாரோ வாங்கிக்கொள்ளவில்லை.

சுழற்சியில் அந்தக் கிளையின் தலைவர் மாறுகிறார். ஆனால் அவருக்கு மேலே இருப்பவர் இன்னும் பழைய தலைவரைத்தான் சுட்டிக்கொண்டிருக்கிறார். பழைய தலைவருக்கோ இப்போது ஒரு பக்கம்தான் மிச்சம், மறுபக்கத்துக்குப் போக வழியே இல்லை. மேலே உள்ள நிரலில் ‘கணு.இடது = செருகு(…)’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். வெறும் ‘செருகு(கணு.இடது, எண்)’ என்று எழுதினால் புதிய தலைவர் காற்றில் நிற்பார். வெளியிலிருந்து அழைக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும்: ‘வேர் = செருகு(வேர், எண்)’. உள்ளே எல்லாம் சரியாக எழுதிவிட்டு இந்த ஒரு வரியில் கோட்டைவிடுபவர்கள் நிறையப் பேர். 10, 20, 30 செருகிவிட்டு அச்சிடுங்கள். 10 மட்டும் வந்தால் பிழை இங்கேதான்.

கணுவில் பெற்றோர் சுட்டியும் வைத்திருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று பெற்றோர் சுட்டிகள் மாறும்: நடுக்கிளைக்கு, பழைய மேல் கணுவுக்கு, புதியவேருக்கு. நடுக்கிளை வெற்றாக இருக்கலாம் என்பதையும் சோதியுங்கள்.

ஒரு செருகலுக்கு எத்தனை முறை சுழற்ற வேண்டிவரும்?

அதிகபட்சம் ஓர் இடத்தில் மட்டும், அது ஒற்றையோ இரட்டையோ. மேலே பார்த்த உதாரணத்திலேயே காரணம் இருக்கிறது. 35 வருவதற்கு முன் அந்த மரத்தின் உயரம் 3. செருகியதும் 4. சுழற்றியதும் மறுபடி 3. அந்தக் கிளை பழைய உயரத்துக்கே திரும்பிவிட்டதால், அதற்கு மேலே யார் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. ரிகர்ஷன், அதாவது ‘செருகு’ தன்னைத்தானே அழைத்துக்கொள்வது, மேலே ஏறிக்கொண்டே சரிபார்ப்பதில் கெடுதல் இல்லை, அங்கே வேலை இருக்காது, அவ்வளவுதான்.

நீக்கலில் நிலைமை வேறு. சுழற்சி அங்கே கிளையின் உயரத்தை ஒன்று குறைத்துவிடக்கூடும், அதனால் மேலேயும் சமநிலை கெடலாம். வேர் வரை ஒவ்வொரு மட்டத்திலும் சுழற்ற வேண்டி வரலாம்.

ரிகர்ஷன் வேண்டாம், ஸ்டேக் நிரம்பிவிடும் என்கிறார்களே?

முடியாத அழைப்புகளை நினைவில் வைக்கும் இடம்தான் ஸ்டேக், ஆழம் கூடக்கூட அது நிரம்பும். சாதாரண பைனரி சர்ச் ட்ரீக்கு அந்தப் பயம் நியாயம். இங்கே 100 கோடி கணுக்கள் இருந்தாலும் ஆழம் 42-ஐத் தாண்டாது. தயங்காமல் ரிகர்ஷனில் எழுதுங்கள்.

ஒரே எண் இரண்டு முறை வந்தால்?

கணுவில் ஓர் எண்ணிக்கை வைத்துக்கொண்டு அதைக் கூட்டுவதே நல்லது. ‘சமமானதை வலப்பக்கம் அனுப்பு’ என்ற பழைய வழக்கம் இங்கே நிற்காது. 20, 20, 20 என்று செருகிப் பாருங்கள். மூன்றாவது வந்ததும் இடச்சுழற்சி நடக்கும், ஒரு 20 இடப்பக்கம் போய்விடும். வலப்பக்கம் மட்டும் தேடும் நிரல் அதைத் தவறவிடும்.

தமிழ்ச் சொற்களைச் சேமிக்கலாமா? அகராதி ஒன்று செய்ய நினைக்கிறேன்.

தாராளமாக. ஆனால் மரம் தானாக எதையும் வரிசைப்படுத்துவதில்லை, நீங்கள் தரும் ஒப்பீட்டைத்தான் நம்புகிறது. நிரல்மொழிகளின் இயல்பான சர ஒப்பீடு யூனிகோடு எண்களை ஒப்பிடுகிறது. அந்த எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அல்ல.

யூனிகோடில் ‘ன’ வருவது ‘ந’-வுக்கு அடுத்து, ‘ற’ வருவது ‘ர’-வுக்கு அடுத்து. நெடுங்கணக்கில் இரண்டும் கடைசி. ஆகவே ‘வனம்’ என்ற சொல் ‘வயல்’ என்பதற்கு முன்னால் வந்துவிடும். அகராதியில் ‘வயல்’தான் முதலில். புள்ளியும் தொந்தரவு தரும். மெய்யெழுத்தை யூனிகோடு ‘க’ என்ற உயிர்மெய்யோடு புள்ளியைச் சேர்த்து எழுதுகிறது, புள்ளியின் எண்ணோ எல்லா எழுத்துகளுக்கும் பின்னால். அதனால் ‘அக்கா’ என்பதற்கு முன்னால் ‘அகம்’ வந்து நிற்கும். இரண்டுக்கும் தீர்வு, சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுங்கணக்கு எண் கொடுத்து ஒப்பிடும் ஒரு செயற்பாட்டை எழுதுவது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், மரத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். செருகும் முன் யூனிகோடு இயல்பாக்கம் (நார்மலைசேஷன்) செய்து இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். செருகலுக்கும் தேடலுக்கும் ஒரே ஒப்பீட்டைப் பயன்படுத்துங்கள். ஒன்றில் ஒரு வரிசையும் மற்றதில் வேறு வரிசையும் இருந்தால், இருக்கும் சொல்லையே ‘இல்லை’ என்று சொல்லும்.

ரெட்-பிளாக் மரத்தைத்தானே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்?

ரெட்-பிளாக் என்பது கணுக்களுக்குச் சிவப்பு, கறுப்பு நிறம் கொடுத்துச் சமன்செய்யும் இன்னொரு தேடல் மரம். ஜாவாவின் ட்ரீமேப், லினக்ஸ் கெர்னலின் பல பகுதிகள் ரெட்-பிளாக்கைத்தான் பயன்படுத்துகின்றன. இசட்.எஃப்.எஸ். கோப்பு அமைப்பு ஏ.வி.எல். மரங்களைப் பயன்படுத்துகிறது. ரெட்-பிளாக்கின் விதி தளர்வானது, பத்து லட்சம் கணுக்களுக்கு உயரம் 40-ஐ நெருங்கலாம். பதிலுக்கு, நீக்கலில் அதிகபட்சம் மூன்றே சுழற்சிகள். தேடல் மிகுந்த இடத்தில் ஏ.வி.எல்., செருகலும் நீக்கலும் ஓயாமல் நடக்கும் இடத்தில் ரெட்-பிளாக் என்பது பொதுவான வழக்கம். கற்றுக்கொள்வதற்கு ஏ.வி.எல்.தான் என் தேர்வு. அதன் விதியை எண்ணிச் சரிபார்க்கலாம், நிறங்களை நினைவில் வைக்கத் தேவையில்லை.

நான் எழுதியது சரி என்று எப்படி உறுதி செய்வது?

அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பது போதாது. ஒரு சரிபார்ப்புச் செயற்பாடு எழுதுங்கள். அது ஒவ்வொரு கணுவிலும் உயரத்தை அடியிலிருந்து புதிதாக எண்ணி, சேமித்த உயரத்தோடு ஒப்பிட வேண்டும். சேமித்த உயரத்தையே நம்பினால் சோதனையே இல்லை. சமநிலை −1-க்கும் +1-க்கும் இடையில் இருக்கிறதா, வரிசை ஏறுமுகமா, மொத்தக் கணுக்கள் செருகிய எண்ணிக்கைக்குச் சமமா என்பதையும் அது பார்க்க வேண்டும். இதை ஒவ்வொரு செருகலுக்குப் பிறகும் ஓட்டுங்கள், கடைசியில் ஒரு முறை மட்டும் அல்ல.

சோதனைக்கு எண்களைக் குருட்டாம்போக்கில் எடுப்பதைவிட, 1 முதல் 7 வரையிலான எண்களை எல்லா வரிசைகளிலும் செருகிப் பார்ப்பது நல்லது. மொத்தம் 5,040 வரிசைகள், கணினிக்கு ஒரு நொடி வேலை. நான்கு நிலைகளும் அதற்குள் வந்துவிடும். விரைவாகப் பார்க்க வேண்டுமென்றால் 1, 2, 3, 4, 5, 6, 7 என்று ஏறுவரிசையில் மட்டும் செருகுங்கள். வேர் 4, அதன் பிள்ளைகள் 2-உம் 6-உம், உயரம் 3 என்று வர வேண்டும். உங்கள் மரம் 1-ஐ வேராகக் காட்டினால், ‘வேர் = செருகு(வேர், எண்)’ என்ற வரிக்குத் திரும்பிப் போங்கள்.